பொன்னாடை போர்த்திய டீசல் குழாய்

கரட்டுவலசில் மார்கழி பிறந்த அன்று விடிகாலை, அத்தப்பனின் பழைய லாரி பலமுறை இருமி, ஒருமுறை தும்மி, பின்னாலே வெள்ளைப் புகையைக் கக்கி, பம்பர் முதல் பின்விளக்கு வரை உதறிக்கொண்டு நின்ற அதே நேரத்தில், எதிர்வீட்டு மாவுக்கடை ரங்கநாயகி, கிரைண்டருக்கு அடியில் சிந்திக் கிடந்த உளுந்தைக் கூட்டுவதற்காக அந்தக் கிரைண்டரை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் கூட்டி முடித்தாள். துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டுத் திரும்பிய பிறகுதான், வாங்கிய அன்று ஆட்கள் கூடி மூச்சு வாங்க இறக்கிவைத்த கிரைண்டர் அது என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவள் பயப்படவுமில்லை, அருள் வந்து ஆடவுமில்லை. "இத்தன வருசமா அடியில எவ்வளவு குப்பை" என்று மட்டும் சொல்லிவிட்டு அதை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அதே காலையில் மேற்கு வீதியின் பெரியதனக்காரரும் முழங்கால் வலிக்காரருமான காளியண்ணன் கிணற்றில் வாளியை இழுத்தபோது, வாளியோடு உருளையும், உருளை மாட்டியிருந்த இரும்புச் சட்டமும் சேர்ந்து கையோடு வந்தன. கிழக்கு வீதியின் குப்பண்ணன், ஊர் நலச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர், கட்டுத்தறிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்த எருமையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தொட்டியருகே இறக்கினார். எருமைதான் அதன் பிறகு பல நாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது. மற்றபடி ஊரில் யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. மார்கழிக் குளிருக்கு உடம்பு இறுகும் என்றார்கள், புது அரிசி என்றார்கள், அவரவர் குலதெய்வத்தின் பேரைச் சொன்னார்கள்.

ஆனால் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று காது வைத்துக் காத்திருந்தே பழகிய ஊர் அது. அத்தப்பன் லோடு ஏற்றி வெளியூர் போன நாட்களில் கிரைண்டர் அசையாமல் இருப்பதையும், அவன் வீட்டிலிருக்கும் நாட்களில், அவன் லாரி குளிர்ந்த உடம்போடு உதறும் சத்தம் யார் காதில் விழுகிறதோ அவர்கள் உடம்பில் பலம் ஏறி மறுநாள் விடியும்வரை நிற்பதையும் ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. லாரி இழந்ததெல்லாம் ஊருக்கு வந்தது, அவ்வளவுதான் விஷயம். எப்படி வருகிறது என்று கேட்டவர் ஒருவருமில்லை. எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டவர்கள்தான் தெரு நிறைய இருந்தார்கள்.

பலம் வராத ஒரே ஆள் அத்தப்பன். அதற்குக் காரணம் இருந்தது. குளிர்ந்து கிடக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க முடியாது. எடுத்த மறுகணம் இஞ்சின் செத்துப்போகும். எனவே ஊர் முழுக்க வெளியே நின்று உதறலை வாங்கிக்கொள்ள, அவன் மட்டும் கேபினுக்குள், அந்த உதறலின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து, காலை அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அவன் மனைவி பாவாயி ஜன்னல் வழியாக நீட்டும் காபி டம்ளரை டேஷ்போர்டில் வைத்தால் பாதி சட்டையில் கொட்டும், கையில் பிடித்தால் மீதி வேட்டியில் கொட்டும். கல்யாணத்துக்கு வாங்கிய லாரி அது. கொஞ்ச காலமாக அவன் காலையில் ஒரு முழு டம்ளர் காபி குடித்ததில்லை.

காபி போனால் போகிறது. வண்டி சமவெளியில் ஓடும், மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு திம்பம் மலை வழியாக மைசூர் போவதுதான் அத்தப்பனின் பிழைப்பு, அதைத் தவிர அவனுக்கு வேறு பிழைப்பு தெரியாது. அந்த மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில், மூக்கை மேலே தூக்கிய நிலையில், வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. பின்னால் பஸ், அதன் பின்னால் பஸ், எல்லா ஜன்னல்களிலிருந்தும் இரண்டு மொழிகளில் வசவு. லோடு கொடுக்கும் புக்கிங் ஆபீஸ் சென்னியப்பன் கோபக்காரர் இல்லை, அதனால்தான் அவர் பேசியது அத்தப்பனுக்கு உறைத்தது.

"அத்தப்பா, தை நோம்பிக்கு மொதநா ஒரு லோடு இருக்குது, அதை உனக்குத்தான் வெச்சிருக்கறன். ஏத்திட்டியா, நாம பழையபடி இருந்துக்கலாம். அன்னிக்கும் வளைவுல நிறுத்துனீன்னா வண்டியக் கொண்டுபோயி எடைக்குப் போட்டுரு. எங்கிட்ட வராத. எனக்கும் சொல்லச் சங்கடமாத்தான் இருக்குது."

இருபது வருஷத்துக்கு மேல் தன்னோடு பேசிவரும் ஒரு வண்டியை எடைக்குப் போடுவதை அத்தப்பனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவன் ஊர் மெக்கானிக் மாரப்பனிடம் போனான். மாரப்பன் கெட்டிக்காரன், அதை அவனே எல்லோரிடமும் சொல்வான். முதலில் நாசில் அடைப்பு என்றான். எல்லா நாசில்களையும் கழற்றித் துடைத்து அதே இடத்தில் மாட்டினான். பிறகு பம்ப் என்றான். பம்பைத் தனியாளாகக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மாட்டினான். பிறகு கம்ப்ரஷன் போய்விட்டது என்றான், பிறகு வால்வு என்றான், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, இது வியாதியே இல்லீங்கண்ணா, வயசு. உங்களுக்கும் எனக்கும் காலைல எந்திரிச்சா இருமல் வருதில்லீங்களா, அது மாதிரி" என்றான். சொன்னபோது அவன் ஒரு கியர்பாக்ஸை, வெள்ளரிக்காய் பொறுக்குகிறவன்போல, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். பட்டறையில் வேலை பார்த்த ஆட்களை அவன் எப்போதோ அனுப்பிவிட்டிருந்தான்.

இதற்குள் ஊர் தன் போக்கில் ஒழுங்காகிவிட்டது. சங்கக் கட்டடத்தின் கரும்பலகையில் ராகு காலம், எமகண்டம் என்று எழுதும் இடத்துக்குக் கீழே 'உதறல் நேரம்' என்று ஒரு வரி சேர்ந்தது. விடியும் முன் ஜனங்கள் குளித்து, நெற்றிக்கு இட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து லாரியைச் சுற்றி நின்றார்கள். சைலன்சர் பக்கம் நின்றால் பலம் கூடுதலாக ஏறுகிறது என்று கிழக்கு வீதி சொல்லி அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. டீசல் டேங்க் பக்கம்தான் கூடுதல் என்று மேற்கு வீதி இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வீதிக்கும் நடுவில் கயிறு கட்டப்பட்டது. வெளியூர்ச் சம்பந்திகள் வந்தால் பம்பருக்கு முன்னால் நாற்காலி போடப்பட்டது. ரங்கநாயகி, உதறல் முடிந்து போகிறவர்களுக்கு அங்கேயே தோசை ஊற்றிக் கொடுத்தாள், கல்லை அடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் பக்கமாகப் போய்.

இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்தது என்று கேட்கக் கூடாது. ஏரிக்கரை உடைந்தது உடைந்தபடியே இருந்தது. பள்ளிக்கூடத்துச் சுவர் சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்தது. ஆனால் எல்லோர் வீட்டு பீரோவும் தினமும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாறியது, கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையை மேடையோடு தூக்கினார்கள், இரண்டு வீதிக்காரர்களும் எல்லைக் கல்லை இரவோடிரவாகப் பிடுங்கிப் பிடுங்கி நட்டுக்கொண்டதில் கல் தேய்ந்து குழவிக்கல்லாகிவிட்டது.

அத்தப்பனையும் ஊர் மறக்கவில்லை. கூட்டம் போட்டு, மைக் கட்டி, அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'பலம் தந்த வள்ளல்' என்று பட்டம் கொடுத்தார்கள். கடைவீதியில் வைத்த பேனரில் குப்பண்ணன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்க, அவர் முழங்கைக்குக் கீழே ஸ்டாம்பு அளவில் அத்தப்பன் இருந்தான். கிழக்கு போர்த்தினால் மேற்கு சும்மா இருக்குமா, அவர்களும் போர்த்தினார்கள். பிறகு மகளிர் குழு, பிறகு இளைஞர் மன்றம், பிறகு மறுபடியும் கிழக்கு. பாவாயி பொன்னாடைகளை மடித்து மடித்து பீரோ நிறைந்துபோய்க் கடைசியில் லாரியின் டூல்பாக்ஸில் திணித்து வைத்தாள். பொன்னாடையை உடுத்தவும் முடியாது, விரித்துப் படுக்கவும் முடியாது, உறுத்தும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் அத்தப்பன் எழுந்து, வண்டி மலை ஏறாமல் தனக்குச் சோறில்லை, ஓட்டிப்போய்க் காட்டினால் வழியிலேயே சூடாகி உதறல் நின்றுவிடுகிறது, யாராவது வெளியூர் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள் என்று கேட்க வாயெடுப்பான். அதற்குள் நன்றியுரை வந்துவிடும். ஸ்பேர் கடையில் டீசல் ஃபில்டர் கேட்டால் ஸ்டாக் இல்லை என்றார்கள். கடைக்காரர் தலைக்கு மேல் ஃபில்டர்கள் வரிசையாக உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியில் சங்கம் தீர்மானமே போட்டுவிட்டது: ஊரின் பொதுநலன் கருதி மேற்படி லாரியைப் பழுதுபார்ப்பதோ, பழுதுபார்க்கத் தூண்டுவதோ கூடாது. ஆண்டாண்டு காலமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு வீதிகளும் ஒருமனதாகக் கை தூக்கிய தீர்மானம் அது. குப்பண்ணன் கண் கலங்கினார்.

அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் தேர் இருந்தது.

கரட்டுவலசு மாரியம்மன் கோயில் தேர் வெகுகாலமாக நகரவில்லை. அதற்கு இரண்டு வடம். வலது வடத்தை எந்த வீதி பிடிப்பது என்பது தகராறு. கிழக்கு பிடித்தால் மேற்கு தொடாது, மேற்கு பிடித்தால் கிழக்கு தொடாது, ஒரு வீதி மட்டும் இழுத்தால் தேர் அசையாது. அம்மன் ஒவ்வொரு தை நோம்பித் திருவிழாவுக்கும் அலங்காரம் பண்ணிக்கொண்டு தேரில் ஏறி உட்கார்ந்து, தெருவைப் பார்த்துவிட்டு, இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது ஊரே கூடி இழுக்க வேண்டிய அவசியமில்லை, உதறல் வாங்கிய ஒற்றை ஆளே இழுத்துவிடலாம், ஒற்றை ஆளுக்கு ஒற்றை வடம் போதும், வலது இடது என்ற பேச்சே இல்லை. அந்த ஒற்றை ஆள் எந்த வீதிக்காரன் என்ற பேச்சு அடுத்து வந்தது, வந்து கை கலந்து, இரண்டு வீதிக்கும் சொந்தமில்லாமல் பிழைக்க வந்த மாரப்பன்தான் இழுக்க வேண்டும் என்பதில் போய் நின்றது. மாரப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு ஒத்துக்கொண்டான்.

நோம்பிக்கு முந்தின நாள் காலை, உதறல் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அத்தப்பன் வண்டிக்குக் கீழே குந்தி உட்கார்ந்திருந்தான். சென்னியப்பன் சொன்ன லோடு அன்றைக்குத்தான்.

பாவாயி காலி டம்ளரை எடுக்க வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏனுங் மாமா, நானொண்ணு கேக்கறேன். மாரப்பன் வண்டியத் தொட்டுத் தொட்டுப் பாத்தானில்ல, எல்லா எடத்துலயும் கை வெச்சான். இந்த டீசல் டேங்குலருந்து பம்புக்குப் போவுதே குழாய், அந்தப் பக்கம் வந்தா மட்டும் அவன் கை தாண்டித் தாண்டிப் போச்சு. பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன். நாந்தான் மேல உக்காந்து மிதிச்சுட்டிருந்தனே."

"வூடு கூட்டறவ ஒரு எடத்த மட்டும் கூட்டாம போனான்னா, அங்கதான் என்னமோ மறச்சு வெச்சிருக்கறான்னு அர்த்தமுங்க."

அத்தப்பன் அந்தக் குழாயைத் தடவிப் பார்த்தான். சூடேறிய ரப்பர் வழவழவென்று இருந்தது, ஒன்றும் தட்டுப்படவில்லை. "வண்டி சூடாயிருச்சு. உதறும்போது பாத்தாத்தான் தெரியும். உதறும்போது பாக்கோணும்னா நான் எறங்கோணும். எறங்குனா வண்டி நின்னுரும். எவனாவது ஒருத்தன் ஏறி மிதிச்சான்னா ஆச்சு, எவன் மிதிப்பான்?"

"அப்ப ஊரு காதுக்கு எட்டாத எடத்துக்குப் போயி காலைல ஸ்டார்ட் பண்ணுங்க. மிதிக்கறதுக்கு ஒரு கல்ல வெச்சுக்குங்க."

"இப்ப வண்டியெடுத்தா சத்தங் கேட்டு ஓடியாந்து குறுக்க நிப்பாங்க பாவாயி. நாளைக்குத் தேரு. விடுவாங்களா?"

பாவாயி எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஊர் மொத்தமும் சங்கக் கட்டடத்தில் இருந்தது. மாரப்பன் தலையில் கட்டும் பரிவட்டத்தை எந்த வீதி வாங்கித் தருவது என்று மைக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. "நீங்க ஏறி ஸ்டேரிங்க மட்டும் புடிங்க" என்று சொல்லிவிட்டு, அவனுக்குக் கட்டிய கட்டுச்சோற்றுத் தூக்கை இடது கையில் மாட்டிக்கொண்டு, வலது கையை லாரியின் பின்கதவில் வைத்து அவள் தள்ளினாள்.

லாரி நகர்ந்தது. ஒரு சத்தமும் இல்லாமல், தொட்டிலில் போட்ட பிள்ளைபோல் நகர்ந்தது. கிழக்கு வீதியைத் தாண்டி, மேற்கு வீதியைத் தாண்டி, தேர் நின்ற கொட்டகையைத் தாண்டி, சங்கக் கட்டடத்தின் பின்புறமாகவே போயிற்று. அத்தப்பன் கண்ணாடியில் பார்த்தான். இத்தனை நாள் காலையிலும் லாரிக்கு எல்லோரையும்விட நெருங்கி நின்றவள் அவள்தான், ஜன்னலுக்குக் காபி நீட்டினவள். ஊரிலேயே அதிக பலம் அவள் உடம்பில்தான் இருந்திருக்கிறது. ஒரு பீரோவை அவள் நகர்த்திக் காட்டியதில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பைபாஸ் ரோட்டில் அவள் தூக்கை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அவள் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வையில்லை.

"குழாய அடச்சுட்டா உனக்கும் இது போயிருமே பாவாயி" என்றான் அத்தப்பன்.

"போவட்டுங்க. இத்தன பலத்த வெச்சு நான் என்ன பண்றது, உங்க வண்டியத் தள்ளறதத் தவுத்து." சிரித்தாள். "இல்லாட்டி சொல்லுங்க, திம்பம் வரைக்கும் தள்ளியே உட்டர்றேன்."

அவன் மில்லில் லோடு ஏற்றி, ஊர்ந்து ஊர்ந்து மலையடிவாரம் போய்ச் சேர்ந்து, ஆளில்லாத ஒரு பொட்டலில் வண்டியை நிறுத்தித் தூங்கினான். விடிகாலையில் பனி வண்டியின் மேல் ஊற்றி வைத்ததுபோல் இருந்தது. சாவியைத் திருப்பினான். லாரி இருமியது, தும்மியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, உதறியது. அவன் ஒரு செங்கல்லை ஆக்ஸிலேட்டரின் மேல் வைத்து, காலை எடுத்து, கதவைத் திறந்து இறங்கினான்.

தன் வண்டி உதறும்போது அதன் பக்கத்தில் அவன் நிற்பது அதுதான் முதல் தடவை. இறங்கிய உடனே தெரிந்தது. இத்தனை வருஷம் சீட்டில் உட்கார்ந்து வளைந்த முதுகு நிமிர்ந்தது, இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை, கைவிரல்களில் ஒவ்வொன்றிலும் ஒரு காளை நின்றது. பக்கத்தில் கிடந்த பாறையை உருட்டிப் பார்த்தான், அது பந்தாகப் போயிற்று. ஊர்க்காரர்கள் மேல் அவனுக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த நிமிஷத்தில் போய்விட்டது. இதை யார்தான் விடுவார்கள் என்று தோன்றியது. அவனுக்கும் ஆசை வந்தது. லோடோடு வண்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறிவிடலாமா என்றுகூட யோசித்தான். ஆனால் அவன் டிரைவர், சுமைதூக்கி இல்லை.

குந்தி உட்கார்ந்து டீசல் குழாயில் கை வைத்தான். குளிரில் இறுகிய ரப்பரில், மேலே கிளிப் மாட்டிய இடத்துக்குப் பக்கத்தில், முடி கனத்துக்கு ஒரு விரிசல். டீசலை உறிஞ்சும்போதெல்லாம் அது காற்றையும் சேர்த்து உறிஞ்சியது, உள்ளே காற்று போன அதே வழியாகப் பலம் வெளியே வந்து அவன் உள்ளங்கையில் மோதியது, தூங்குகிற பிள்ளையின் மூச்சுபோல, சூடாக. இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. இதற்காகவா நாசிலும் பம்பும் வால்வும்.

விரிசலின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். உதறல் நின்றது. வெளியே போயிருந்த பலமெல்லாம் வண்டிக்கே திரும்பியதுபோல், லாரி ஒரே சீராக, தாளம் தப்பாமல் ஓடத் தொடங்கியது. அதே கணத்தில் அவன் முதுகு பழையபடி வளைந்தது, இடுப்பு வலி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

கட்டைவிரலை வைத்துக்கொண்டே மலையேற முடியாது. டிரைவர்கள் டேங்க் ஒழுகலுக்குச் செய்வதுபோல் துணி சோப்பைக் குழைத்து விரிசலில் அப்பினான். மேலே சுற்றுவதற்கு டூல்பாக்ஸைத் திறந்தான். கையில் முதலில் வந்தது குப்பண்ணன் போர்த்திய பொன்னாடை. அதை நீளமாகக் கிழித்து, ஜரிகை வெளியே தெரிய, குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். பொன்னாடை அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு வேலை செய்தது.

லாரி மலையேறியது. முதல் வளைவில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான், அடுத்த வளைவிலும் பிடித்துக்கொண்டிருந்தான், பழைய இடம் வந்தபோது கண்ணை மூடப் பார்த்தான், டிரைவர் கண்ணை மூடக் கூடாது என்பதால் திறந்தே வைத்திருந்தான். வண்டி அந்த வளைவை, வழியில் பழக்கமில்லாத ஒருவரைத் தாண்டிப் போவதுபோல், திரும்பிப் பார்க்காமல் தாண்டியது. அத்தப்பன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கரட்டுவலசில் என்ன நடந்தது என்பதைப் பாவாயிதான் பிறகு சொன்னாள். லாரியைக் காணோம் என்று முந்தின சாயங்காலமே தெரிந்துவிட்டது. முகூர்த்தம் விடியலுக்கு முன்னால்தானே, நேற்று ஏறிய பலம் அதுவரை நிற்கும், போதும் என்றார் குப்பண்ணன். மாரப்பன் பரிவட்டம் கட்டிக்கொண்டு (கிழக்கின் பரிவட்டத்துக்கு மேல் மேற்கின் பரிவட்டம்) ஒற்றை வடத்தைத் தோளில் போட்டு இழுத்தான். தேர் கிளம்பியது. ஜனங்கள் குலவை போட்டார்கள், அழுதார்கள், அம்மன் தெருவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை ரங்கநாயகி கண்ணால் பார்த்தாளாம். தேர் வீதி முக்குக்கு, சரியாக அத்தப்பன் வீட்டு வாசலுக்கு, வந்தபோது மாரப்பன் கையிலிருந்த வடம் திடீரென்று யாரோ ஒருவருடைய வடம்போல் ஆகிவிட்டது. இழுத்தான், இழுத்தான், தேர் அசையவில்லை. அந்த நேரம் பாவாயி இடுப்பில் தண்ணீர்க் குடம் வைத்திருந்தாள், குடம் கனத்தது. அவள் அதைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, கண்டுபிடித்துவிட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம்.

அத்தப்பன் மைசூரில் மூட்டை இறக்கி, அங்கேயே புதுக் குழாய் வாங்கி மாட்டி, மறுநாள் திரும்பி வந்தபோது தேர் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அவன் வீட்டுக்கு வேறு வழியில்லை. ஹாரன் அடித்தான்.

ஊரே ஓடி வந்தது. "ஊரைக் காட்டிக் குடுத்துட்டியே அத்தப்பா!" என்றார் குப்பண்ணன். நிற்க முடியாமல் தேர்ச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காளியண்ணன், "எம்பட முழங்காலுக்கு நீ பதில் சொல்லோணும்" என்றார். இரண்டு வீதியும் ஒரே குரலில் பேசியது அது இரண்டாவது தடவை.

"அந்தப் பழைய குழாய மாட்டுப்பா. தேரு நெலைக்குப் போய்ச் சேரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றான் மாரப்பன். அவன் தலையில் இரண்டு பரிவட்டமும் இன்னும் இருந்தன.

"அப்ப உனக்குக் குழாயின்னு தெரியும்" என்றான் அத்தப்பன்.

மாரப்பன் தேரின் உச்சிக் கலசத்தைப் பார்த்தான்.

"வீதிக்கொரு வடத்தப் புடிச்சு எல்லாரும் இழுத்தீங்கன்னா இப்பவே நகந்துருமே" என்றாள் வாசலில் நின்ற பாவாயி. ஊர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. வலது வடத்தை யார் பிடிப்பதாம்?

அத்தப்பனுக்குப் பசித்தது. பக்தியினால் இல்லை, வீட்டுக்குப் போக வேண்டும் என்பதனால்தான் அவன் லாரியைத் தேருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, மாரப்பன் இழுத்த ஒற்றை வடத்தை எடுத்து லாரியின் பின்கொக்கியில் மாட்டினான். கொக்கி வண்டிக்குச் சரியாக நடுவில் இருந்தது. குப்பண்ணன் குனிந்து வலப்பக்கம் பார்த்தார், காளியண்ணன் குனிந்து இடப்பக்கம் பார்த்தார், எந்தப் பக்கமும் ஒரு விரற்கடை கூடவோ குறையவோ இல்லாததால் இருவரும் நிமிர்ந்து ஒதுங்கி வழிவிட்டார்கள். லாரி சீராக உறுமிக்கொண்டு தேரை இழுத்துப் போய் நிலையில் சேர்த்தது. பரிவட்டத்தை மாரப்பன் தலையிலிருந்து கழற்றி யார் தலையில் கட்டுவது என்று யோசித்த ஊர், மனிதத் தலை எதுவும் தோதுப்படாமல், அதை லாரியின் பக்கக் கண்ணாடியில் கட்டியது. அன்று சாயங்காலமே சங்கம் கூடி, மேற்படி லாரி எக்காலத்திலும் பழுதாகக் கூடாது என்று பழைய தீர்மானத்துக்குக் கீழேயே புதுத் தீர்மானம் போட்டு, அத்தப்பனுக்கு ஒரு பொன்னாடையும் போர்த்தியது.

அவன் பொன்னாடையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். "ஏனுங்க, இது டீசலுக்குத் தாங்குமுங்களா?" என்று கேட்டான். குப்பண்ணன் அதை அடக்கமென்று எடுத்துக்கொண்டார்.

பழைய குழாயை அவன் குப்பையில் போடப் போனான், ஊர் விடவில்லை. சோப்பும் ஜரிகையும் ஒட்டியபடியே அது இப்போது சங்கக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், சந்தனம் குங்குமத்தோடு இருக்கிறது. விடிகாலையில் ஜனங்கள் குளித்துவிட்டு வந்து அதைச் சுற்றி நிற்கிறார்கள், கிழக்கு ஒரு பக்கம், மேற்கு ஒரு பக்கம், நடுவில் கயிறு. கொஞ்சம் பலம் ஏறுவதுபோல் இருக்கிறது என்று காளியண்ணன் சொல்கிறார், ஆமாம் ஏறுகிறது என்று மாரப்பன் சத்தியம் பண்ணுகிறான். ஏரிக்கரை உடைந்தபடியே இருக்கிறது.

அதே நேரத்தில் அத்தப்பன் தன் வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, காலை எடுத்துவிட்டு, கீழே இறங்கி அதைச் சுற்றி ஒருமுறை நடந்து வருகிறான். பாவாயி இரண்டு டம்ளர் காபியைக் கொண்டுவந்து பம்பரின் மேல் வைக்கிறாள். இருவரும் கொஞ்ச நேரம் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, காபியின் மேல் ஆடை அசையாமல் நிற்கிறது. பிறகு அத்தப்பன் தன் டம்ளரை எடுத்து, ஒரு சொட்டுக் கொட்டாமல், கடைசி வரை குடிக்கிறான்.